எல்லாருக்கும் ஒரே ஐடி

என் வீட்டுக்காரருக்குத் தொண்டைதான் சோறு போட்டது. தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நின்று "சோமாசிபாடி, கீழ்பென்னாத்தூர், செஞ்சி" என்று அவர் குரல் கொடுத்தால் வேலூர் வண்டிக்கு நிற்கிறவர்கள்கூட ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டிலும் அதே சத்தம்தான். குழம்பில் உப்பு கம்மி என்பதைக்கூடத் தெருமுனைவரை கேட்கிற மாதிரிதான் சொல்வார். "மெதுவா பேசுங்க, நான் என்ன கடைசி சீட்லயா உக்காந்திருக்கேன்?" என்று நானும் பதிலுக்குக் கத்துவேன். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் உள்ளே ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். சண்டையெல்லாம் இல்லை, நாங்கள் காபி குடித்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் போனது. ஆஸ்பத்திரி, பிசியோதெரபி என்று அலைந்ததில் காலும் கையும் அரைகுறையாகத் திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை.

இதில் ஒரு விஷயத்தை ஊரில் ஒருத்தருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை. அவருக்குப் புத்தி அப்படியேதான் இருக்கிறது. நாம் சொல்வது ஒன்று விடாமல் விளங்குகிறது. பதிலும் உள்ளே தயாராகத்தான் இருக்கிறது. அது வாய்க்கு வருகிற வழியில் அடைப்பு, அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே ஏறுகிறது? காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் சிலர் கத்துவார்கள். சிலர் கன்னத்தைத் தட்டி, "சாப்ட்டியாப்பா? மம்மம் சாப்ட்டியா?" என்று கொஞ்சுவார்கள். தலை நரைத்த மனுஷனிடம் மம்மமாம். எனக்கு வாயில் நல்லா வரும். வந்ததை விழுங்கிக்கொண்டு காபி கொடுத்து அனுப்புவேன்.

வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஓர் அம்மாவிடம் காட்டினோம். அவர்தான் லேப்டாப் யோசனையைச் சொன்னார். தினமும் லேப்டாப் எதிரில் உட்கார்ந்து, திரையில் தன் வாய் எப்படி அசைகிறது என்று தானே பார்த்துக்கொண்டு, சில சொற்களைச் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். அதை அப்படியே வீடியோவாகப் பதிந்து வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை வீடியோ காலில் அவர் பார்த்துத் திருத்துவார்.

"பழச அழிச்சிடாதீங்கம்மா" என்றும் சொன்னார். "மனசு ஒடிஞ்சு போற அன்னைக்கு மொத வீடியோவப் போட்டுக் காட்டுங்க. எங்கேருந்து எங்க வந்திருக்கோம்னு அவருக்கே தெரியும்."

நான் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். வீட்டில் இருந்தது அந்த வேலைக்காக வாங்கிய பழைய லேப்டாப். அதன் எதிரில்தான் தினமும் சாயங்காலம் உட்கார்ந்தோம். பழகுவதற்கு அவர் வாயில் ஊறிப்போன ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொண்டோம். முதல் வீடியோவில் "சோ… சோ…" மட்டும்தான் இருக்கும். முகம் ஒரு பக்கம் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, உதட்டோரம் எச்சில் வழியும். எத்தனையோ நாளைக்குப் பிறகு "சோமா" வந்தது. பிறகு ஒரு சாயங்காலம், நானே எதிர்பார்க்காத நேரத்தில், "சோமாசிபாடி" என்று முழுசாக வந்து விழுந்தது. நான் போட்ட கூச்சலும் அந்த வீடியோவில் இருக்கிறது. அதற்கப்புறம் தண்ணி, போதும், வேணாம், வா என்று ஒன்றொன்றாகச் சேர்ந்தன. ஒரு சொல் சொன்னால் அடுத்ததற்கு மூச்சு வாங்கும். ஆனால் வந்தது.

பதிவு செய்வதற்கு அவர் சில சட்டங்கள் வைத்திருந்தார். பனியனோடு உட்கார மாட்டார். இடது கையாலேயே சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்த பிறகுதான் நாற்காலிக்கு வருவார். நான் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிடுவார். அடுத்தது கதவு. அதைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால்தான் வாயைத் திறப்பார். சொந்தத் தம்பி வந்து வாசலில் நின்றாலும் அன்றைக்குப் பாடம் கிடையாது. தான் திணறுவதை என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று இருந்தார். எனக்கும் அது தெரியும்.

வினை அந்த லேப்டாப் வழியாகத்தான் வந்தது. அதிலிருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பழசாகிவிட்டது, இனிமேல் அப்டேட் கிடையாது, புதுசுக்கு மாறு என்று மாதக்கணக்கில் நச்சரித்துக்கொண்டே இருந்தது. நான் "பிறகு" என்பதை அமுக்கிக்கொண்டே இருந்தேன். வேலை, சமையல், ஆஸ்பத்திரி, இதற்கு நடுவில் இதற்கு வேறு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டுமா? கடைசியில் வீடியோ கால் ஆப் திறக்கவே மாட்டேன் என்றது. வேலூர் அம்மாவோடு பேச முடியாமல் போனது. சரி, ஒழியட்டும் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரனுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. என்ன சொன்னாலும் சிரிக்கிற முகம்.

"இதெல்லாம் ஜுஜுபி மேடம். பழச மொத்தமாத் தொடச்சிட்டுப் புது வெர்ஷன ஏத்திடறேன். பறக்கும் பாருங்க."

"பறக்கவெல்லாம் வேணாம். உள்ள இருக்கிற ஃபைல் ஒண்ணுகூடப் போகக் கூடாது. டெஸ்க்டாப்ல என் வீட்டுக்காரர் வீடியோ ஒரு ஃபோல்டர் இருக்கு. அவருக்கு உடம்பு சரியில்ல, பேச்சுப் பழகுறாரு, டாக்டருக்குக் காட்டணும். அது போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"கிளவுட்ல ஏத்திட்டுத்தான் மேடம் கையே வெப்பேன்."

"கிளவுட்லாம் எதுக்கு? பென் டிரைவ்ல போடுங்களேன்."

"பென் டிரைவ் இன்னைக்கு இருக்கும், நாளைக்குக் காணாமப் போயிடும். கிளவுட் அப்பிடியா? எங்கேருந்து வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

எங்கேயிருந்து வேண்டுமானாலும் என்று சொன்னவன், யார் வேண்டுமானாலும் என்று சொல்லவில்லை.

லேப்டாப் சொன்ன நாளில் வந்தது. நின்றபடியே அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. ஓட்டமும் வேகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. திறக்கும்போது மட்டும் என் பெயருக்குப் பதிலாகக் கடைப் பெயர் வந்தது. இது என்ன என்று கேட்டேன். "சர்வீஸ் பண்ண கடைப் பேரு காட்டும் மேடம்" என்று சிரித்தான். ஆட்டோவுக்குப் பின்னால் எழுதிக்கொள்வதுபோல் இது ஒரு விளம்பரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து டெஸ்க்டாப்பில் ஒரு பெண்ணின் கல்யாண பயோடேட்டா வந்து உட்கார்ந்திருந்தது. ஜாதகக் கட்டத்தோடு. எனக்கு அந்தப் பெண் யாரென்றே தெரியாது. அடுத்து ஒரு லாட்ஜின் ரூம் போட்டோக்கள் வந்தன. அப்புறம் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை ஒன்று, ரோஜாப்பூவும் மயிலுமாக. யாரோ ஒருவரின் நிலப் பத்திரம். அடக் கடவுளே, என் வீடு என்ன சத்திரமா? கடைக்குப் போன் போட்டேன்.

"அதுவா மேடம்? அது சும்மா வரும். கண்டுக்காதீங்க."

"சும்மா வருமா? சும்மா வர்றதுக்கு அது என்ன கொசுவா?"

அதற்கும் சிரித்தான். "பௌர்ணமி முடியட்டும் மேடம், எடுத்துக்கிட்டு வாங்க, பாத்துடலாம்."

அடுத்த வீட்டுச் சாமான் நம் வீட்டுக்கு வருகிறதே, அப்படியானால் நம் வீட்டுச் சாமான் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கண்டுக்காதே என்றான், நானும் கண்டுகொள்ளவில்லை. அதைத் திட்டிக்கொண்டே மற்ற வேலைகளைப் பார்த்தேன்.

பௌர்ணமி வந்தது. எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே ரோட்டில் தலைதான் தெரியும், தார் தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிரம்மில் தண்ணீர் வைப்போம். உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து அது அவர் வேலை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு இடது கையாலேயே டம்ளரில் மொண்டு கொடுப்பார். பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்திலேயே கிடந்த ஆளுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் முகமே வேறு. அன்றைக்கு ஒருத்தருக்கு "போதும்?" என்றுகூடக் கேட்டார். உள்ளே இருந்த எனக்குக் காதில் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது.

நிலா மேலே வந்துகொண்டிருந்த நேரம். ஒரு குடும்பம் தண்ணீருக்கு நின்றது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். புருஷன்காரர் டம்ளரை வாயில் வைத்தபடியே இவரை உற்றுப் பார்த்தார்.

"சார், நீங்க அந்த சோமாசிபாடி சார்தானே?"

பழைய பாசஞ்சர் என்று நினைத்து நான் பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தேன். "ஆமாங்க, அவரேதான். உங்களுக்கும் அந்த ரூட்டா?"

"இல்லிங்க, நாங்க டவுனு. எங்க லேப்டாப்ல சாரு வருவாரு. டேய், இங்க பாருங்கடா, நம்ம லேப்டாப் மாமா!"

சின்னவன் ஓடிவந்து பார்த்தான். பார்த்ததும் வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு, கழுத்தை இழுத்துக்கொண்டு, "சோ… சோ… சோ…" என்றான். அச்சு அசலாக. பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பளீரென்று ஓர் அறை விழுந்தது. அடித்தது அந்தப் பிள்ளைகளின் அம்மா. அவளுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. லேப்டாப்ப அந்தக் கடையில குடுத்துப் புதுசு ஏத்திக்கினு வந்ததிலேர்ந்து யார் யார் வீட்டு ஃபைலோ வருது. இதுங்க இந்த வீடியோவ போட்டுப் போட்டுப் பாத்துச் சிரிச்சுதுங்க. எனக்கு மனசு கேக்கல. யாரோ ஒருத்தர் கஷ்டம், அது நம்ம வீட்ல எதுக்குன்னு இன்னைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடிதான் எல்லாத்தையும் அழிச்சிட்டு வந்தேன்."

உள்ளே ஓடினேன். லேப்டாப்பைத் திறந்தேன். ஃபோல்டர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவள் தன் வீட்டில் அழித்தது என் வீட்டிலும் அழிந்திருந்தது. லேப்டாப் குப்பைத்தொட்டியைக் கிளறினேன், தேடு என்று பெயரைப் போட்டுத் தேடினேன். சோமாசிபாடியும் இல்லை, கீழ்பென்னாத்தூரும் இல்லை. அந்த மஞ்சள் நீராட்டு விழா மயில் மட்டும் தோகையை விரித்துக்கொண்டு நின்றது.

திரும்பி வெளியே வந்தால் அவர்கள் போய்விட்டார்கள். நாற்காலி காலி. தண்ணீருக்கு நாலு பேர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் எப்போது எழுந்தாரோ, எப்படி நடந்தாரோ, படுக்கை அறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

யாரைத் திட்டுவேன்? அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மனசாட்சி உள்ளவள் செய்கிற காரியத்தைத்தான் அவள் செய்தாள். பிள்ளைகளைத் திட்டவா? அதுகள் எதிரில் எதைக் காட்டினாலும் சிரிக்கத்தான் சிரிக்கும். தண்ணீர் கேட்டு நின்றவர்களிடம் "டிரம்மு அங்க இருக்கு, உங்களுக்குக் கை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

மறுநாள் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "வாங்க, இன்னைக்குப் புதுசா ஆரம்பிப்போம்" என்றேன். வந்து நின்றார், மூடியை அமுக்கி மூடினார், போய்விட்டார். அதுகூடப் பரவாயில்லை. தண்ணி வேண்டும் என்றால் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். சோறு போதும் என்றால் தட்டின் மேல் கையை வைத்தார். அத்தனை நாள் அழுது புரண்டு வாய்க்குக் கொண்டுவந்த சொற்கள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஃபைல் போனது எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் இந்த ஆள் வாயை மூடிக்கொண்டால் அப்புறம் திறக்க முடியுமா என்ற பயம் வந்த பிறகு, ஃபைலாவது மண்ணாங்கட்டியாவது என்று இருந்தது. இரண்டுக்கும் காரணமானவன் ஒருத்தன் மாடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்து நினைத்துக் கடை திறக்கிற நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பௌர்ணமிக் கூட்டம் வடிந்து கடை திறந்த அன்றைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினால் அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க?"

என் பையைக் காட்டினார்.

"வேணாங்க, மாடிப்படி. நான் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வந்துடறேன்."

கேட்டால்தானே. செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கேட்டில் நின்றார். ஆட்டோவில் போனோம். அந்தக் கடைப் படி செங்குத்தாக இருக்கும். என் கையைத் தொடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"யோவ், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? என் வீட்டு வீடியோ எப்பிடிய்யா ஊர்ல இருக்கிறவன் லேப்டாப்புல போச்சு?"

"மேடம், மொதல்ல உக்காருங்க மேடம். டென்ஷன் ஆவாதீங்க. டீ சொல்லட்டுமா?"

டீயாம். உலகத்தில் கோபமாக இருப்பவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது டென்ஷன் ஆவாதீங்க என்பதுதான்.

"உன் டீய நீயே குடி. சொல்லு."

அவன் சொன்னான். தப்பு செய்தவன் மாதிரி சொல்லவில்லை, தர்மம் செய்தவன் மாதிரி சொன்னான். "புது வெர்ஷன் மெயில் ஐடி குடுக்காம உள்ளயே விடாது மேடம். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஐடி கெடையாது. இருக்கிறவங்களுக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. ஓடிபி வர்ற போன வீட்ல வெச்சிட்டு வந்துடுவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னா எனக்குப் பொழப்பு ஓடுமா? அதான் நானே ஒரு ஐடி வெச்சிருக்கேன். கைக்காசு போட்டு எடம் ஜாஸ்தியா வாங்கி வெச்சிருக்கேன். எல்லாருக்கும் அதையே போட்டுடுவேன். ஒரே ஐடிங்கறதால ஃபைலும் எல்லாருக்கும் ஒண்ணாத் தெரியும், அவ்ளோதான். ஒரு சர்வீஸ்தான் மேடம் இது."

"எனக்கு ஐடி இல்லன்னு நான் சொன்னனா? காலேஜ் படிச்ச காலத்திலேர்ந்து இருக்கு. பாஸ்வேர்டு தூக்கத்துல எழுப்பினாக்கூடச் சொல்லுவேன்."

"பொதுவா வீட்டுப் பொம்பளைங்களுக்கு…" என்று இழுத்தான். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினான்.

அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்துவிட்டார். "அப்ப எங்க லாட்ஜு ரூம் போட்டோ எல்லாம் எல்லார் வீட்லயுமா கெடக்குது?"

"நான் பாத்தேனே" என்றேன். "மூணாவது ரூம்ல பெட்ஷீட் கிழிஞ்சிருக்கு, மாத்துங்க."

கடையில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு பெண் தன் பேங்க் பாஸ்புக் போட்டோ எங்கே எங்கே போயிருக்கும் என்று கேட்டாள். கடைக்காரன் அப்போதும் அந்தச் சிரிப்பை முழுசாக எடுக்கவில்லை. "ஒண்ணும் போகல, ஒண்ணும் போகல" என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். "அழிச்சதும் போயிடாது மேடம். கிளவுட்ல ஒரு குப்பைத்தொட்டி இருக்கு, அதுல கொஞ்ச நாள் கெடக்கும். இதோ பாருங்க."

ஏதோ இரண்டு மூன்று இடத்தில் அமுக்கினான். ஃபோல்டர் வந்தது. உள்ளே அத்தனை வீடியோவும் வரிசையாக இருந்தது. பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எல்லாத்தையும் இதுல போடு. போட்டுட்டு உன் கிளவுட்லேர்ந்து, குப்பைத்தொட்டியிலேர்ந்து, ஒண்ணு விடாம அழி. அப்புறம் இந்த லேப்டாப்புல உன் ஐடியத் தூக்கிட்டு என் ஐடியப் போடு. நான் இங்கயே நிக்கறேன்."

"போட்டுடலாம் மேடம். அதுக்கு முன்னாடி ஓடுதான்னு செக் பண்ணிடலாம்."

செக் பண்ணுகிறேன் என்று ஒன்றைத் தட்டினான். அவன் எதிரில் இருந்தது பெரிய மானிட்டர், ஸ்பீக்கரும் போட்டிருந்தான். கடை முழுக்க "சோ… சோ…" என்று கேட்டது. மானிட்டர் நிறைய அவர் முகம். கோணல், எச்சில், நரம்பு எல்லாம். பேசிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் மானிட்டரைப் பார்த்தார்கள். பிறகு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தார்கள்.

"சூப்பரா ஓடுது" என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, "சார் இப்ப எவ்ளோ தேவல மேடம்? நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்காரு" என்றான்.

அவர் எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டு மேசைவரை வந்தார். வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட…"

நின்றுவிட்டது. மானிட்டரில் தெரிகிற அதே முகம்தான் இங்கேயும். அதே நரம்பு. அவர் இழுக்கும்போதெல்லாம் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன், அது என் பழக்கம். அன்றைக்கு என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கே தெரியவில்லை.

"கேட்டியா?"

எங்கிட்ட கேட்டியா. இரண்டு சொல். அதுவரை அவர் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னதில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரனைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தும், கேள்வியில் பாதி என் பக்கம் விழுந்த மாதிரி இருந்தது. லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும்போது நானும் அவரைக் கேட்கவில்லை.

கடைக்காரன் என்னைப் பார்த்தான். "என்ன மேடம் சொல்றாரு?"

"எதிர்லதானே நிக்கிறாரு? அவரையே கேளு."

அவன் மெதுவாக அவர் பக்கம் திரும்பினான். சிரிப்பு இப்போது போயிருந்தது. "சொல்லுங்க சார்."

அவர் இடது கையை நீட்டி மானிட்டரைக் காட்டினார். "அழி."

"அழிச்சிடறேன் சார். தப்புதான் சார். இந்த பென் டிரைவ்ல ஏத்தினதும்…"

"வேணாம்." ஒரு மூச்சு வாங்கினார். "அழி."

"சார், அழிச்சிட்டா அப்புறம் எங்கயுமே இருக்காது. திரும்ப எடுக்க முடியாது."

தலையை ஆட்டினார். தெரியும் என்கிற ஆட்டல்.

கடைக்காரன் மறுபடி என்னைப் பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் அப்போது அந்தக் கடைக்காரன் மேல்கூட இல்லை, இந்த மனுஷன் மேல். ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு? தினமும் உங்க எதிர்ல உக்காந்தது யாரு? வேலூர்ல அந்தம்மா கேட்டா நான் என்ன சொல்லுவேன்? முதல் முதலில் சோமாசிபாடி வந்தபோது நான் போட்ட கூச்சல் அதில் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் சமையலறையில் வைத்து அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். அது போனால் அந்தச் சாயங்காலம் எனக்கு எங்கே கிடைக்கும்? வேணாம், அவர் கெடக்கட்டும், நீ பென் டிரைவில் போடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவன் செய்திருப்பான். ஊரே என் பேச்சைத்தான் கேட்டிருக்கும், பேசுகிற ஆள் நான்தானே.

"மேடம்?" என்றான் கடைக்காரன். "நீங்க சொல்லுங்க மேடம்."

"நான் எதுக்குடா சொல்லணும்? யாரு மூஞ்சி அது? அவருதான் சொல்றாரில்ல, அழி!" என்று கத்தினேன்.

அழித்தான்.